மூளைக்குள் ஒரு வலை

(வெள்ளி விழா அறிவியல் அரங்கில் ஆற்றிய உரை)



மூளையைப் பற்றி எளிய முறையில் ஓர் உரை நிகழ்த்த வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது யான் உடனே இசைந்தேன். அதற்குக் காரணம் என் தம்பி. அவன் தனது இருபத்திரண்டாம் வயதில் ஓட்டுநர் வேலைக்கு மனுச் செய்தான். வண்டி ஓட்டுவதில் எங்கள் தெருவில் அவனுக்கு நிகர் எவருமில்லை. ஆனால் மருத்துவச் சோதனையில் வலக்கண்ணை மூடிக்கொண்டு இடக்கண்ணால் படிக்கச் சொன்னபோது, அட்டையின் உச்சியிலிருந்த பெரிய எழுத்தைத் தவிர வேறொன்றும் அவனுக்குப் புலப்படவில்லை. அந்நாள்வரை அது அவனுக்கே தெரியாது. இரு கண்களையும் திறந்து பார்ப்பவனுக்கு எவ்வாறு தெரியும்? கண்ணாடி அணிந்தால் சரியாகிவிடும் என்றெண்ணிக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் நெடுநேரம் சோதித்துப் பார்த்துவிட்டு, ‘‘தம்பி, கண்ணில் நோய் ஒன்றுமில்லை. குழந்தைப் பருவத்தில் இந்தக் கண்ணிலிருந்து தெளிவான உருவம் மூளைக்குச் செல்லவில்லை. ஆதலால் மூளை இந்தக் கண்ணைக் கைவிட்டுவிட்டது. ஐந்து வயதில் அழைத்து வந்திருந்தால் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைச் சில மாதங்கள் மறைத்து வைத்தே சரி செய்திருக்கலாம்’’ என்றார்.

‘சோம்பேறிக் கண்’ என்று மருத்துவர்கள் வழங்கும் குறை இதுவே. கண் சோம்பேறியன்று, பெயர் தவறானது. அது இருக்கட்டும். ஐந்து வயதில் திறந்திருந்த ஒரு கதவு இருபத்திரண்டு வயதில் அடைபட்டிருந்தது என்றால், அதை அடைத்தது எது? இக்கேள்வி அன்று முதல் என்னை விட்டு நீங்கவில்லை. இதற்கு அறிவியல் இதுகாறும் கண்டிருக்கும் விடையில் ஒரு பகுதியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று தொடர்பு கொண்டு செய்தி அனுப்புகின்றன என்பது நம் மாணவர்கள் பாடநூலிலேயே படித்ததுதான். பாடநூல் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த அணுக்களுக்கு இடையில் இருப்பது என்ன? மூளையின் கன அளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, அணுக்களுக்கு வெளியே உள்ள இடம். அந்த இடம் வெற்றிடமன்று. அணுக்களே சுரந்து வெளியே பரப்பிய ஒருவகைக் கூழ் அதில் நிறைந்திருக்கிறது. அதனை இவ்வுரையில் ‘இடைப்பொருள்’ என்று அழைக்கிறேன்.

இடைப்பொருள் என்பது மூளைக்கு மட்டும் உரியதன்று. என் தகப்பனார் தோல் பதனிடும் ஆலையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். அத்தொழிலின் நெடியையும் நேர்த்தியையும் அறிந்த பெரியவர்கள் இவ்வரங்கிலும் பலர் இருக்கின்றீர்கள். பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவிடும்போது மயிர் கழல்வதோடு, தோலுக்குள் இருக்கும் கொழகொழப்பான பொருள்களும் கரைந்து வெளியேறுகின்றன. எஞ்சி நிற்பது கொலாஜன் எனப்படும் நார். ஆவாரம்பட்டைச் சாறு அந்த நாரை இறுகப் பிணைக்கின்றபோது அழுகும் தோல் அழுகாத தோலாகிறது. அந்த நாரும், குழியில் கரைந்து போகும் அந்தக் கொழகொழப்பும் சேர்ந்ததே தோலின் இடைப்பொருள். ஆகவே உங்களில் பலர் இப்பொருளைப் பெயர் அறியாமலேயே கையால் அளைந்து பழகியவர்கள்.

கொலாஜனின் வடிவத்தைக் கண்டறிந்த பெருமையும் நம் சென்னைக்கு உரியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தா என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, 1954-லும் 1955-லும் வெளியிட்ட கட்டுரைகளில், அது மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு போன்றது என்று நிறுவினார். ஆய்வுக்கு வேண்டிய கங்காருவின் வால் தசைநாண் அவருக்குக் கிடைத்தது எங்கிருந்து தெரியுமா? அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. தோலைத் தாழ்ந்த பொருளாக எண்ணிய நாட்டில், உலகறிந்த ஓர் உயிரியல் கண்டுபிடிப்பு தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வாயில் வழியாக வந்தது என்பதை இங்குள்ள இளைஞர்கள் அறிந்திருப்பது நன்று.

இனி மூளைக்குத் திரும்புவோம். மூளையின் கதை தோலின் கதைக்கு நேர்மாறானது. இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் மேலுறைகளிலும் தவிர, மூளைத் திசுவில் கொலாஜன் நார் மிகச் சொற்பம். சுண்ணாம்புக் குழியில் கரைந்துபோகிறதே, அந்த வகைக் கொழகொழப்பான பொருள்களே மூளையின் இடைப்பொருளில் தலையாய இடத்தைப் பெறுகின்றன. மூளை அவ்வளவு மென்மையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றுள் முதன்மையானது ஹயலூரோனிக் அமிலம். 1934-ஆம் ஆண்டில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர் மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் பளிங்கு போன்ற கூழிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். இது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட மாலை; நீரைத் தன்பால் ஈர்த்துத் தேக்கி வைப்பது. பாம்பின் நஞ்சில் இந்த மாலையை அறுக்கும் ஒரு நொதி இருக்கிறது. கடிவாயிலிருந்து நஞ்சு விரைந்து பரவுவதற்கு அதுவும் துணைசெய்கிறது. இடைப்பொருள் உடலில் ஒரு தடுப்பாகவும் நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மூளையில் இந்த நீண்ட மாலையின்மீது புரதத் தண்டுகள் தொங்குகின்றன. ஒவ்வொரு தண்டிலிருந்தும் காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் என்னும் சர்க்கரைச் சரங்கள் தூரிகையின் மயிர்போலப் புறப்படுகின்றன. பெரும்பாலான இடங்களில் இவை தளர்வான கூழாகவே பரவிக் கிடக்கின்றன. ஆனால் சில நரம்பணுக்களைச் சுற்றி மட்டும் இவை நெருங்கித் திரண்டு, மீன்வலை போன்ற கண்களுடைய உறையாக அமைகின்றன. வலையின் ஒவ்வொரு கண்ணிலும் வேறொரு நரம்பணுவின் இழை வந்து தொட்டுக்கொண்டிருக்கும். பிற அணுக்களை மிக வேகமாக அடக்கி ஒழுங்கு செய்யும் ஒருவகை நரம்பணுக்களைச் சுற்றியே இவ்வலைகள் மிகுதியாகக் காணப்படுகின்றன.

இவ்வலையை முதலில் கண்டவர் இத்தாலி நாட்டுக் கமிலோ கோல்ஜி. 1898-இல் அவர் இதனை விவரித்தார். ஸ்பெயின் நாட்டு இராமோன் இ கஹால் அதனை ஏற்கவில்லை; சாயமேற்றும்போது திரவம் உறைந்து ஏற்பட்ட போலித் தோற்றம் என்றார். இருவரும் ஒருவரையொருவர் மறுத்தவர்கள். 1906-இல் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். நரம்பணுக்கள் தனித்தனியானவை என்ற பெரிய வழக்கில் வென்றவர் கஹால். அதனால் கோல்ஜி சொன்ன மற்றதையும் உலகம் ஒதுக்கி வைத்தது. வலை விஷயத்தில் கோல்ஜியே சரி என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதிய சாயங்கள் வந்த பின்னரே ஐயமின்றித் தெளிவாயிற்று. பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஒன்றைக் காணாமல் இருப்பது ஆய்வுக்கூடத்திலும் நடக்கிறது பாருங்கள்.

சரி, இவ்வலை என்ன வேலை செய்கிறது? இங்கேதான் என் தம்பியின் கண் திரும்ப வருகிறது.

அமெரிக்காவில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் 1960-களில் பூனைக்குட்டிகளை வைத்து ஆராய்ந்தனர். பிறந்து நான்காவது, ஐந்தாவது வாரத்தில் இருக்கும் குட்டியின் ஒரு கண்ணின் இமைகளைச் சில நாட்கள் மூடி வைத்தாலே போதும். பின்னர் திறந்தாலும் மூளையின் பார்வைப் பகுதியில் உள்ள நரம்பணுக்கள் அந்தக் கண்ணுக்குச் செவிசாய்ப்பதில்லை. வளர்ந்த பூனைக்கு அதே கண்ணை ஓராண்டுக்கு மேல் மூடி வைத்தாலும் அவ்வித இழப்பு நேர்வதில்லை. ஆக, மூளை களிமண்ணைப் போல நெகிழ்ந்திருக்கும் காலம் ஒன்றுண்டு. அதன்பின் அது இறுகுகிறது. இதற்காக அவ்விருவருக்கும் 1981-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் இறுகச் செய்வது எது என்பதை அவர்கள் சொல்லவில்லை.

நெகிழ்வு குறையும் அதே காலத்தில்தான் பார்வைப் பகுதியில் வலைகள் முற்றி அமைகின்றன என்பதைப் பின்வந்தோர் கவனித்தனர். மற்றொன்றும் கவனித்தனர். பிறந்தது முதல் இருட்டிலேயே வளர்க்கப்பட்ட விலங்குகளுக்கு வலைகள் செவ்வனே அமைவதில்லை. அவற்றின் மூளையில் நெகிழ்வுக் காலம் நீடிக்கிறது. அப்படியாயின் வலை என்பது பிறக்கும்போதே கொண்டுவந்த தளையன்று. வெளிச்சம் பட்டு, கண்டு, பழகி, அந்த அனுபவமே நெய்தது.

ஒன்று மற்றொன்றோடு சேர்ந்து வருவதாலேயே காரணம் ஆகிவிடாது. அதைச் சோதித்தவர்கள் இத்தாலியின் பைசா நகரத்து ஆய்வாளர்கள். ஒருவகை நுண்ணுயிரியிலிருந்து கிடைக்கும் நொதி ஒன்று காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் சரங்களை மட்டும் தேடி அறுக்கவல்லது. தொம்மாசோ பிட்சொரூஸ்ஸோவும் அவருடைய தோழர்களும் அதனை வளர்ந்த எலிகளின் பார்வைப் பகுதியில் செலுத்தினர். வலைகள் கரைந்தன. பின்னர் ஒரு கண்ணை மூடி வைத்தபோது, வளர்ந்த எலியின் மூளை குட்டியின் மூளையைப் போலவே தன் இணைப்புகளை மாற்றிக்கொண்டது. இது 2002-இல் வெளியாயிற்று. 2006-இல் அதே குழுவினர் ஒருபடி மேலே சென்றனர். குட்டிப் பருவத்தில் ஒரு கண் மூடப்பட்டுப் பார்வை குன்றிய எலிகள், வளர்ந்த பின் இந்த நொதியையும் பெற்று, நல்ல கண்ணும் மூடப்பட்டபோது, குன்றிய கண்ணின் பார்வை மீண்டது. இக்கட்டுரையை முதன்முதல் படித்த இரவில் யான் தம்பியை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். ‘‘எலிக்குத்தானே அண்ணா’’ என்று கேட்டுவிட்டு அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் கேட்டது சரியான கேள்வி. மனித மூளையில் இந்நொதியைச் செலுத்தி நெகிழ்வை மீட்கும் மருத்துவம் இன்றளவும் நடைமுறையில் இல்லை. மூட்டு வலிக்கென்று கடைகளில் விற்கும் காண்ட்ராய்ட்டின் மாத்திரைக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூளையைக் கூர்மையாக்குவதாகச் சொல்லி எதையேனும் விற்க வருபவரிடம் எச்சரிக்கையாய் இருங்கள்.

இயற்கை ஏன் இப்படிக் கதவை அடைக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். என்றும் நெகிழ்ந்தே இருக்கும் மூளை எதையும் தக்கவைக்க இயலாது. நேற்றுக் கற்றதை இன்று வந்தது அழித்துவிடும். 2009-இல் வெளியான மற்றோர் எலி ஆய்வு இதனை நன்கு காட்டியது. ஓர் ஓசையைக் கேட்டவுடன் மின் அதிர்ச்சி வரும் என்று பழக்கினால் எலி அந்த ஓசைக்கே அஞ்சும். பின்னர் அதிர்ச்சியின்றி ஓசையை மட்டும் பலமுறை கேட்கச் செய்தால் அச்சம் தணியும். இளங்குட்டியில் அந்த அச்சம் தடமின்றி அழிகிறது. வளர்ந்த எலியிலோ தணிந்தது போலிருந்து, பிறிதொரு நாள் மீண்டும் தலைதூக்குகிறது. அச்சத்தைக் கையாளும் மூளைப் பகுதியில் வலைகள் அமைவது இவ்விரு பருவங்களுக்கும் இடையிலேதான். வளர்ந்த எலியிலும் முன்கூட்டியே வலையைக் கரைத்துவிட்டால், அதன்பின் கற்ற அச்சம் குட்டியில் போலவே அழிந்துவிடுகிறது. ஏற்கெனவே பதிந்துவிட்ட அச்சத்தை அது அழிப்பதில்லை. பள்ளி நாளில் பெற்ற ஓர் அவமதிப்பு ஐம்பது வயதிலும் ஏன் சுடுகிறது என்று நம்மில் பலர் தமக்குள் கேட்டதுண்டு. எலியை வைத்து அதற்கு முழு விடை கூறுவது அவசரம். ஆயினும் நினைவைக் காக்கும் பொருளே வடுவையும் காக்கக்கூடும் என்பது மட்டும் எண்ணத் தக்கது.

வேதியியலுக்கு 2008-இல் நோபல் பரிசு பெற்ற ரோஜர் சியன், 2013-இல் துணிவான ஒரு கருத்தை வெளியிட்டார். அணுவுக்குள் இருக்கும் புரதங்கள் நாள்தோறும் சிதைந்து புதுப்பிக்கப்படுகின்றன. வலையின் புரதங்களோ நெடுங்காலம் நிற்பவை. ஆகவே வாழ்நாள் முழுதும் நிலைக்கும் நினைவுகள் வலையில் உள்ள துளைகளின் அமைப்பில் பொறிக்கப்பட்டிருக்கலாம் என்பது அக்கருத்து. இது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் அழகிய கருத்து.

நோய்களைப் பற்றியும் சில சொற்கள். பனையிலிருந்தும் கட்டடச் சாரத்திலிருந்தும் விழுந்து தண்டுவடம் அறுபட்டு, இடுப்பிற்குக் கீழ் உணர்வற்றுக் கிடப்பவர்களை நம் ஊர்களில் காண்கிறோம். அறுபட்ட இடத்தில் உண்டாகும் தழும்பில் இதே காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் பெருமளவில் சேர்ந்து, மீண்டும் வளர முயலும் நரம்பிழைகளைத் தடுக்கிறது. இலண்டனில் எலிசபெத் பிராட்பரியும் குழுவினரும் 2002-இல், தண்டுவடம் காயமுற்ற எலிகளுக்கு அதே நொதியைச் செலுத்தியபோது இழைகள் ஓரளவு வளர்ந்தன, நடையும் திருந்தியது. இதுவும் மனிதருக்கு மருந்தாக இன்னும் வந்து சேரவில்லை. எனினும் இத்துறையில் யான் மிகுந்த எதிர்பார்ப்புடன் நோக்குவது இந்த வழியையே.

தடுப்பை அறுத்தால் நன்மையே வரும் என்று எண்ணிவிடலாகாது. சிலவகை மூளைக் கட்டிகள் தம்மைச் சூழ்ந்த வலைகளை அரித்துவிடுகின்றன. வலையிழந்த அடக்கும் நரம்பணுக்கள் முன்போல் விரைந்து செயலாற்ற இயலாமற்போவதால் வலிப்பு தோன்றுகிறது என்று 2018-இல் வெளியான எலி ஆய்வு ஒன்று காட்டிற்று. மனச்சிதைவு நோயுடன் வாழ்ந்து இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தவர்கள், முன்மூளையில் வலைகள் குறைந்திருப்பதைக் கண்டனர். அப்பகுதியில் வலைகள் பருவ வயதில்தான் பெருகி வருகின்றன. அந்நோயும் பெரும்பாலும் பருவ வயதை ஒட்டியே தலைகாட்டுகிறது. இது தற்செயலா, காரணமா என்பது ஆராய்ச்சியில் இருக்கிறது. அந்நோயாளிகளைப் பேய் பிடித்தவர்கள் என்று கோடாங்கியிடம் இழுத்துச் செல்லும் வழக்கம் நம் தெருக்களிலும் இருக்கிறதே என்பதால் இதனைச் சொல்கிறேன். முதுமையில் நினைவை அழிக்கும் அல்சைமர் நோயிலும், மூளையின் காவல் அணுக்கள் வலைகளைத் தின்றுவிடுவதாகச் சான்றுகள் கிடைத்துள்ளன.

இனி, நம்மை நேரே தொடும் ஒன்று. யான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் தெருப் பிள்ளைகள் அமர்ந்திருந்த வரிசையைச் சுட்டிக்காட்டி, ‘‘இவர்களுக்கு மூளையில் ஏறாது’’ என்று ஓர் ஆசிரியர் சொன்னார். பிறவியிலேயே அடைபட்ட மூளை என்பது அவருடைய நம்பிக்கை. யான் இதுவரை சொன்ன வரலாற்றில் அந்நம்பிக்கைக்கு எங்கே இடம் இருக்கிறது? வலை பிறந்த பின் அமைகிறது. எவ்வளவு விரைவில், எந்த இணைப்புகளைச் சுற்றி அமைகிறது என்பதில் வெளிச்சமும் அனுபவமும் பங்கு கொள்கின்றன. இருட்டில் வளர்ந்த விலங்கின் மூளைகூட உடனே கதவை அடைத்துக்கொள்ளவில்லை, காத்திருந்தது. ஆனால் காத்திருத்தலுக்கும் விலை உண்டு. இருட்டில் நீண்ட நாள் கிடந்த விலங்கிற்குப் பார்வைக் கூர்மை முழுமையாக வளர்வதில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

டெல்லியில், மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டத்திலும் இதுவே தெரியவந்தது. பிறவிக் கண்புரையால் பார்வையின்றி வளர்ந்து, எட்டு வயதிற்கும் அதற்கு மேலும் ஆன பின் அறுவை சிகிச்சை பெற்ற ஏழைப் பிள்ளைகள் அவர்கள். காலம் கடந்துவிட்டது, இனிப் பயனில்லை என்று பழைய நூல்கள் கூறியிருக்கும். கட்டு அவிழ்த்த அன்று, கையால் தொட்டறிந்த பொருளைக் கண்ணால் கண்டு இனம் காண அவர்களால் முடியவில்லை. சில நாட்களிலேயே அது கைவரலாயிற்று. நாளடைவில் உருவங்களைப் பிரித்தறியவும் கற்றனர். ஆனால் பார்வைக் கூர்மை மட்டும் மற்றவர்களுக்கு ஒப்பாக வரவில்லை. கதவு முழுதும் அடைபடுவதுமில்லை. தாமதம் இழப்பின்றிப் போவதுமில்லை.

சோம்பேறிக் கண் நூறு பிள்ளைகளில் ஒருவர் முதல் மூவர் வரை காணப்படும் குறை. ஏழு வயதிற்குள் கண்டால் பயன் மிகுதி. பதின்வயதில் தொடங்கினாலும், முன்பு சிகிச்சையே பெறாத பிள்ளைகளுக்கு ஓரளவு பயன் கிடைக்கிறது. ஆகையால் செயலாளர் அவர்களின் இசைவோடு, நமது வாசகசாலைச் சுவரில் எழுத்தட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறோம். எழுத்தறியாப் பிள்ளைகளுக்கெனக் குறி எத்திசை திரும்பியிருக்கிறது என்று கைகாட்டும் அட்டை ஒன்றும் இருக்கிறது. ஆறு மீட்டர் தொலைவில் கோடு போட்டுள்ளோம். மூன்று வயதிற்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாய்மார்கள் வரிசையாக அழைத்து வாருங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும், அழுத்தக் கூடாது, விரலிடுக்கில் பார்க்க விடவும் கூடாது. பிள்ளைகள் அதில் கெட்டிக்காரர்கள். இரு கண்களுக்கும் இடையே ஒரு வரி வேறுபாடு இருந்தாலும் பெயரை எழுதிக்கொள்வோம். அடுத்த ஞாயிறன்று கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பு மாணவர் மன்றத்தைச் சார்ந்தது. மாறுகண் உள்ள பிள்ளையை அதிருஷ்டம் என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கருவிழியின் நடுவே வெண்மை தெரிந்தால் ஞாயிறுவரை காத்திருக்கவும் வேண்டாம்.

அட்டைக்கு அருகில் கோல் பிடித்து எழுத்தைச் சுட்டிக்காட்ட ஒருவர் நிற்கிறார். அவர்தான் என் தம்பி.